வாசகர் கேள்வி–பதில்: நகராட்சிக் கணக்கில் சந்தேகம் வந்தால்…

கேள்வி: நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரே ஒப்பந்ததாரருக்கு, டெண்டர் வைக்க வேண்டிய தொகைக்குக் கொஞ்சம் கீழேயே தொடர்ந்து பில் வருகிறது. சம்பந்தப்பட்ட அதிகாரியிடமே கேட்டுவிடலாமா?

பதில்: கேட்காதீர்கள். அவர் தப்பு செய்திருந்தால் அன்று மாலையே கோப்பு சரிசெய்யப்பட்டுவிடும். செய்யவில்லை என்றால், வீணாக ஒருவரைச் சந்தேகப்பட்டவர் ஆவீர்கள்.

முதலில், டெண்டரைத் தவிர்க்க ஒரு பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வேலை விவரமும் இடமும் ஒன்றாக இருந்து, பில் தேதிகள் மட்டும் சில நாள் இடைவெளியில் வந்தால் சந்தேகம் வலுவானது. குழாய் உடைப்பு போன்ற அவசரப் பணிகளும், ஆண்டு முழுவதற்கும் விலை பேசி முடித்த ஒப்பந்தங்களும் இதே தோற்றத்தைத் தரும். அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு குறிப்பு எழுதுங்கள்: வவுச்சர் எண், தேதி, தொகை, யார் கையெழுத்து, அந்தத் தாள் இப்போது எந்தக் கோப்பில் இருக்கிறது. பார்த்ததை ஒரு பக்கம், ஊகித்ததை வேறு பக்கம். அலுவலகக் கணினியில் எழுத வேண்டாம். அசல் ஆவணத்தை எடுத்துச் செல்வது, அடுத்தவர் பாஸ்வேர்டில் நுழைவது இரண்டும் கூடாது. செய்தால் விசாரணை உங்கள் மேல் திரும்பும், ஆதாரமும் பலவீனப்படும்.

கேள்வி: மொட்டைக் கடிதத்தை யாராவது மதிப்பார்களா?

பதில்: சரிபார்க்கக்கூடியதாக இருந்தால் மதிப்பார்கள். “பொறியியல் பிரிவில் ஒரே கொள்ளை” என்ற வரி குப்பைக்குத்தான் போகும். “இன்ன தெருவில் வடிகால் தூர்வாரியதாக இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள பில்லுக்குப் பணம் தரப்பட்டது, அந்தத் தெருவில் வடிகாலே இல்லை” என்ற வரியை யாரும் ஒதுக்க முடியாது. அது உண்மையா என்று பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

குறை ஒன்று உண்டு. விசாரிப்பவர் உங்களைத் திருப்பிக் கேட்க வழியில்லை. பெயர் சொல்லாமலே பதிவு எண் கொடுத்து, பிறகு தொடர்புகொள்ள வைக்கும் புகார் எண்ணோ இணையப் படிவமோ இருந்தால் கடிதத்தைவிட அதுவே மேல். கணினிக் கோப்பாக அனுப்பினால் அதில் எழுதியவர் பெயர் ஒளிந்திருக்கலாம். கலர் லேசர் பிரின்டர்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் தங்கள் வரிசை எண்ணை அச்சிடுகின்றன. இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை எழுதுவது.

யாருக்கு அனுப்புவது? குற்றம் சாட்டப்படுபவர் கை எட்டாத இடத்துக்கு. கீழ்நிலை ஊழியர் என்றால் உள்தணிக்கை போதும். ஆணையர் மட்டத்தில் என்றால் மாநில அல்லது தேசியத் தணிக்கை அமைப்பு, ஊழல் தடுப்புப் பிரிவு, காவல்துறை. தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் குறிப்பிட்ட அமைப்பிடம் சொன்னால்தான் பாதுகாப்பு. முதலில் பத்திரிகையிடம் போனால் அது கிடைக்காமல் போகலாம். அனுப்பும் முன் இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் தணிக்கை நடக்கிறதே, அதையும் மீறி மோசடி நடக்குமா?

பதில்: நடக்கும். தணிக்கையாளர் மாதிரிக்குச் சில பில்களை எடுத்துப் பார்க்கிறார்; கொடுக்கப்பட்ட தாள் போலியா என்று தோண்டுவது அவருடைய முதல் வேலை அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்ற சிறு நகரத்தில் நிதிப் பொறுப்பிலிருந்த ரீட்டா கிரண்ட்வெல், நகரத்தின் பெயரிலேயே ஒரு ரகசியக் கணக்கு திறந்து, மாநில அரசு அனுப்பியதுபோல் போலி பில்கள் தயாரித்து, 1990 முதல் 2012 வரை சுமார் 5.37 கோடி டாலரைச் சுருட்டினார். அத்தனை ஆண்டும் தணிக்கை நடந்தது. 2011இல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த நகர எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்கு அறிக்கைகளையும் கேட்டார். தெரியாத கணக்கு ஒன்று வெளியே வந்தது. மேயர் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் சொல்லிவிட்டு, மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. 2013இல் தண்டனை: 19 ஆண்டு 7 மாதம்.

உங்கள் நகராட்சியில் உடனே செய்யக்கூடியது: நகராட்சி பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளின் பட்டியலையும் வங்கியே நேரடியாக, கணக்குப் பிரிவைத் தாண்டிய ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் கையாள்பவர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர் விடுப்பு எடுக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். விடுப்பே எடுக்காத ஊழியரைப் பாராட்டும் வழக்கம் எனக்கு எப்போதும் உறுத்தல்தான்.

கேள்வி: உள்தணிக்கைக்குப் புகார் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆவணங்களிலிருந்து, ஆட்களிடமிருந்து அல்ல. மின்னஞ்சல்கள் தானாக அழியும் அமைப்பை நிறுத்துங்கள். கேமரா பதிவுகள் சில வாரங்களில் மேலெழுதப்படும், முதல் நாளே எடுங்கள். சந்தேகத்துக்குரிய கணினியை யாரும் திறந்து மேயக் கூடாது. கோப்புகளின் தேதிகள் மாறிவிடும். வல்லுநரைக் கொண்டு வட்டின் முழு நகல் எடுத்து, அதன் ஹேஷ் மதிப்பை (நகல் பின்னால் மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும் எண்) குறித்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.

அடுத்து ஒப்பீடு. ஒப்பந்ததாரர் பட்டியலையும் ஊழியர் பட்டியலையும் வங்கிக் கணக்கு எண், முகவரி, கைபேசி எண் வாரியாகப் பொருத்துங்கள். ஒரு நிறுவனத்தின் பில்கள் 41, 42, 43 என்று வரிசையாக வந்தால், அதற்கு உங்களைத் தவிர வாடிக்கையாளரே இல்லாமல் இருக்கலாம். போட்டி டெண்டர்களில் ஒரே எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத, எந்தப் பிடித்தமும் இல்லாத சம்பளப் பெயர்கள் ஆளே இல்லாத பெயர்களாக இருக்கலாம்.

சாலை என்றால் காகிதம் போதாது, துளையிட்டு மாதிரி எடுங்கள். 50 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பணம் கொடுத்து 40 மட்டும் போட்டிருந்தால், 10,000 சதுர மீட்டரில் 100 கன மீட்டர் தார்க் கலவை குறைகிறது. எடையில் ஏறக்குறைய 230 டன். இடத்தை ஒப்பந்ததாரர் காட்டக் கூடாது, நீங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாகத்தான் பேச்சு. விஷயத்தில் நேரடித் தொடர்பில்லாதவர்களில் தொடங்கி, சந்தேகத்துக்குரியவரை இறுதியில் அழையுங்கள். எப்போதும் இருவர் உட்கார்ந்து கேளுங்கள். “ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவோம்” என்று சொல்லாதீர்கள். அப்படிப் பெற்ற வாக்குமூலம் நீதிமன்றத்தில் உதிர்ந்துவிடும்.

கேள்வி: புகார் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது, பதிலே இல்லை.

பதில்: விசாரணை நடக்கும்போது விவரம் சொல்ல மாட்டார்கள். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, “திறந்திருக்கிறதா, முடிக்கப்பட்டதா” என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் பத்து அலுவலகங்களுக்கு நகல் அனுப்ப வேண்டாம். ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பி, கடைசியில் யார்மேல் புகாரோ அவர் மேசைக்கே “நடவடிக்கைக்காக” வந்து சேரும். இதற்கிடையில் உங்களுக்கு இடமாற்றமோ மெமோவோ வந்தால் அந்த உத்தரவின் நகலை வீட்டில் வைத்திருங்கள். புகார் தேதிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியே பின்னால் உங்கள் சாட்சி.