பிரெஞ்சு தெரியாது என்பதை பிரெஞ்சில் சொல்ல...

கேள்வி: மகன் லியோனில் படிக்கிறான். அவனிடம் போகிறேன். எனக்கு பிரெஞ்சு தெரியாது என்று கடையில் எப்படிச் சொல்வது, மேடம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் "பொன்ஜூர்" சொல்லுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். வணக்கம் இல்லாமல் நேராக ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் அங்கே மரியாதைக் குறைவு. பலர் "பிரெஞ்சுக்காரர் முகம் கொடுக்க மாட்டார்" என்று புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

பிறகு, "ஜெ ந பார்ல் பா ஃப்ரான்ஸே". எனக்கு பிரெஞ்சு பேச வராது. வினைச்சொல்லுக்கு முன்னால் 'ந', பின்னால் 'பா', இரண்டும் சேர்ந்துதான் 'இல்லை'. பேச்சில் அந்த 'ந'வை விழுங்கிவிடுவார்கள். "ஜெ பார்ல் பா" என்று காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம். கொஞ்சம் தெரியும் என்றால் "ஜெ பார்ல் அன் பெ". ஆங்கிலம் தெரியுமா என்று கேட்க "வு பார்லே ஆங்க்லே?". முன்பின் தெரியாதவரிடம் 'வு'தான். 'த்யூ' நம் 'நீ' மாதிரி, கடைக்காரரிடம் வேண்டாம்.

வேகமாகப் பேசினால், "ப்ளு லாந்த்மான், சில் வு ப்ளே": மெதுவாக, தயவுசெய்து.

புத்தகத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்று வரும்போது வினையின் எழுத்து அங்கங்கே மாறுவதைப் பார்த்து மலைக்காதீர்கள். இந்த நாலுக்கும் உச்சரிப்பு 'பார்ல்' ஒன்றேதான். எங்கள் புதுச்சேரி வகுப்பில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த செய்தி இது.

என்ன மொழி பேசுவீர்கள் என்று யாராவது கேட்டால், "ஜெ பார்ல் தமூல்".