ஊசிமுனை: வாசகர் கேள்வி-பதில்

(பதில் சொல்பவர் குன்னூரில் ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர் ரிப்பேர் பார்ப்பவர். இந்த இதழில் மலைக்காரர்களின் கடிதங்கள் மட்டும்.)

மகன் பெங்களூரிலிருந்து ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ என்கிற அமெரிக்க ராக் குழுவின் எல்.பி. இசைத்தட்டு வாங்கி வந்தான். “இதுவரை வெளிவராத பாட்டுகள், மறுவெளியீடு” என்கிறான். வெளிவராதது எப்படி மறுபடி வெளிவரும்? யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?
— வாசகர், கோத்தகிரி

நம்ம ஊர்களில் நாற்பது வருஷமாக நிற்கிற பஸ் ஸ்டாண்டுக்கும் ‘புது பஸ் ஸ்டாண்ட்’ என்றுதானே பெயர்? அந்தக் கதைதான். அந்தக் குழு 1969-இல் பதிவு செய்த பல பாட்டுகளை வெளியிடாமலே கம்பெனியை விட்டுப் போனது. டேப்புகள் கிடங்கில் கிடந்தன. 1985-இல்தான் எல்.பி.யாக வந்தன. அந்த எல்.பி.யை இப்போது திரும்ப அச்சடித்தாலும் ‘வெளிவராத’ என்ற பட்டம் கூடவே வரும்.

இதே குழுவின் இன்னொரு கதை இதைவிட ருசி. 1966-இல் முதல் ஆல்பத்துக்காகப் பதிவு செய்த பாட்டுகளை மாதிரித் தட்டில் கோடாக வெட்டி கொலம்பியா கம்பெனிக்கு அனுப்பினார்கள். வேண்டாம் என்று திருப்பிவிட்டது. 2002-இல் நியூயார்க்கில் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒருவர் அந்தத் தட்டை 75 சென்டுக்கு வாங்கினார். 2006-இல் இணைய ஏலத்தில் 25,000 டாலருக்கு மேல் போனது. 2012-இல் முறையாக வெளியிட்டார்கள். மாதிரித் தட்டு ஓட்ட ஓட்டத் தேயும் ஜாதி. அதனால் அதில் கரகரப்பு இருக்கும். அதைக் குறை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

180 கிராம் தட்டு என்று ஸ்டிக்கர் ஒட்டி இருநூறு முந்நூறு கூடுதலாகக் கேட்கிறார்களே, சத்தம் நன்றாக இருக்குமா?
— வாசகர், கொடைக்கானல்

கையில் எடுத்தால் கனம் தெரியும், அவ்வளவுதான். கொஞ்சம் வளையாமல் இருக்கும். சத்தம் எந்த டேப்பிலிருந்து, எப்படி வெட்டினார்கள் என்பதில் இருக்கிறது.

தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். வெயிலே இல்லை. கணப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கலாமா?
— வாசகி, ஊட்டி

ஐயோ, அப்பளம் மாதிரி வளைந்துவிடும். பூஞ்சணம் தட்டைத் தின்பதில்லை. அதன்மேல் இருக்கும் தூசியையும் விரல் எண்ணெயையும் காகித உறையையும் தின்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியால் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். வெறும் தண்ணீரில் இன்னொரு தடவை. நடு லேபிளில் ஈரம் படக்கூடாது. பழைய காகித உறையைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அதே கதை. பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை தூரம் நகர்த்துங்கள். நம்ம ஊர் ஈரம் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது. நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் தாத்தா காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, அதில் மட்டும் ஸ்பிரிட்டைத் தொடவிடாதீர்கள். கரைந்துவிடும்.

என் வீட்டுக்காரர் எழுபதுகளில் காலேஜ் ராக் குழுவில் கிட்டார் வாசித்தார். அப்போது பதிவு செய்த ரீல் டேப் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அதையும் எல்.பி. ஆக்கலாமா? அவருக்குச் சொல்லாமல் செய்ய ஆசை.
— வாசகி, குன்னூர்

ஆசை நல்ல ஆசைதான் அம்மா. ஆனால் உடனே மெஷினில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் ரீலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சுற்றிய டேப் வழியாக வெளிச்சம் ஊடுருவினால் பழைய அசிடேட் ரகம். வினிகர் வாடை வந்தாலும் அதுதான். வெளிச்சம் மறைந்தால் பாலியெஸ்டர். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஓட்டினால் கீச்சென்று கத்தும். மெஷினில் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் பழுப்பாக அப்பிக்கொள்ளும். அந்தப் பழுப்புதான் உங்கள் வீட்டுக்காரரின் கிட்டார்.

அதற்கு வைத்தியம் உண்டு. 50-55 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் கொஞ்ச நாளைக்குப் பசை இறுகும். அந்த இடைவெளியில் பிரதி எடுத்துவிட வேண்டும். அசிடேட்டை இப்படிச் சூடாக்கவே கூடாது. சமையலறை ஓவனிலும் வேண்டாம், அதில் முள் காட்டுவது ஒன்று, உள்ளே சூடு ஒன்று. தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

எல்.பி. அப்புறம். கம்பெனிகள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில்தான் அச்சடித்துத் தருவார்கள். உங்களுக்கு வேண்டியது நாலைந்து. ஒன்றிரண்டு மட்டும் நேரடியாக வெட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள், விசாரியுங்கள். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் திணிக்கச் சொல்லாதீர்கள், சத்தம் மெலியும். கூட வாசித்த மற்றவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிரம்ஸ் அடித்தவருக்குத் தெரிந்தால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்காது, அது உங்கள் பாடு.

பிரிக்காத எல்.பி.யை அப்படியே வைத்திருந்தால் பின்னால் விலை ஏறுமா?
— வாசகர், கூடலூர்

சிலது ஏறும். ஆனால் மேலே சுற்றிய பிளாஸ்டிக் நாளாக நாளாக இறுகித் தட்டையே வளைத்துவிடும். பிளாஸ்டிக்கையாவது பிரித்துவிடுங்கள். பிரித்த கையோடு ஒரு தடவை கேட்டும் பாருங்கள்.