குளத்து மோட்டாருக்காக இன்னொரு கடனா?

கேள்வி: கோவை வடவள்ளியில் வசிக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கடன்மேல் 9 லட்சம் டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கித் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டினோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அதுவரை 4,000 ரூபாய் வந்த மின்கட்டணம் இப்போது இரண்டு மாதத்துக்கு 16,000 வருகிறது. ஒன்றரை எச்.பி. மோட்டார் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஓடுகிறது. நீச்சல் குளக் கருவிகள் விற்கும் என் மைத்துனர், வேகம் மாற்றும் பம்ப் (90,000), தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப், உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் குளோரினேட்டர், எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சேர்த்து 6 லட்சத்துக்கு ஒரு மின்சிக்கனத் திட்டம் தந்திருக்கிறார். 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனுக்கும் அவரே ஏற்பாடு செய்கிறார். மனைவி வீட்டு உறவு; மறுக்கச் சங்கடமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். 6 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 14,000 ரூபாய். குளத்தால் உங்களுக்குக் கூடியிருக்கும் மின்செலவு மாதம் 6,000 சொச்சம்தான். குளத்து மோட்டார் நாளை முதல் ஒரு யூனிட்கூட இழுக்காமல் ஓடினாலும், மிச்சப்படுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தவணை கட்டுவீர்கள். ஐந்தாண்டில் வட்டி மட்டும் 2.4 லட்சம். கடன் வாங்கிக் கட்டிய குளத்தின் செலவைக் குறைக்க இன்னொரு கடன் என்ற இந்தப் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. மோட்டாரைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை.

ஆனாலும் மோட்டாரைப் பார்ப்போம். உங்கள் குளத்தில் சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்று வைத்தால் தண்ணீர் சுமார் 42,000 லிட்டர். ஒன்றரை எச்.பி. பம்ப் மணிக்கு 12,000 லிட்டராவது தள்ளும். முழுக் குளமும் ஃபில்டர் வழியாக ஒரு சுற்று வர மூன்றரை மணி நேரம் போதும். வீட்டார் மட்டும் இறங்கும் குளத்துக்கு நாளுக்கு ஒரு சுற்று, கொஞ்சம் கூடுதலாக ஒன்றரைச் சுற்று. நீங்கள் மூன்று சுற்றுக்கு மேல் ஓட்டுகிறீர்கள். மோட்டார் 1.5 கிலோவாட் இழுத்தால் நாளுக்கு 18 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,080 யூனிட். உங்கள் பழைய 4,000 ரூபாய் பில் ஏறத்தாழ 700 யூனிட்டுக்கு வருவது; இது அதற்கு மேல் ஏறி உட்கார்வதால், பெரும்பகுதிக்கு 1,000 யூனிட்டைத் தாண்டிய ஸ்லாபின் விலை, அதாவது யூனிட்டுக்கு ஏறத்தாழ 12 ரூபாய் விழுகிறது.

ஐந்து மணி நேரமாகக் குறைத்தால் 630 யூனிட் போய்விடும். அவை அத்தனையும் அந்த உச்சி ஸ்லாபில் இருப்பவை. ஒரு பில்லுக்கு 7,400 ரூபாய், ஆண்டுக்கு 44,000 ரூபாய் மிச்சம். இதற்குத் தேவை ஒரு டைமர், சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும்.

ஒரே நாளில் குறைத்துவிடாதீர்கள். முதல் வாரம் எட்டு மணி, அடுத்த வாரம் ஆறு, பிறகு ஐந்து. வாரம் இருமுறை குளோரினும் பி.எச். (அமில, காரத்தன்மை) அளவும் சோதியுங்கள். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருந்தால் சரி. சுவரில் கை வைத்தால் வழுக்கினால் பாசி பிடிக்கிறது என்று பொருள்; ஒரு மணி நேரம் கூட்டுங்கள். சித்திரை, வைகாசியில் எப்படியும் கூட்ட வேண்டிவரும்.

சென்ற கோடையில் ஈரோட்டில் ஒரு வாடிக்கையாளரின் பம்ப் அறைக்குள் போனேன். மோட்டார் முக்கிக்கொண்டு ஓடியது. மூடியைத் திறந்தால் வடிகட்டிக் கூடை முழுக்க வேப்பஞ்சருகு, களிமண் உருண்டைபோல் இறுகிக் கிடந்தது. கூடையைத் தட்டிக் கழுவிப் போட்டதும் குளத்துக்குள் தண்ணீர் விழும் சத்தமே மாறிவிட்டது. அவரும் புது மோட்டார் வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தார். ஃபில்டரைப் பேக்வாஷ் செய்த, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவிய அன்று அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பேனாவால் குறித்து வையுங்கள். அது நன்றாக ஏறும்போது மட்டும் மறுபடி செய்தால் போதும், தண்ணீரும் மிஞ்சும்.

வேகம் மாற்றும் பம்ப் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் இழுக்கும் மின்சாரம் கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகும். நடைமுறையில் அந்த அளவு வராவிட்டாலும் பெரிய குறைவுதான். மெதுவாகப் பத்து மணி நேரம் ஓடினாலும் நாளுக்கு மூன்றரை யூனிட் ஆகலாம். ஆனால் உங்கள் மைத்துனரின் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தோடு ஒப்பிட்டால் 90,000 ரூபாய் ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். ஐந்து மணி நேர ஓட்டத்தோடு ஒப்பிட்டால் ஆண்டு மிச்சம் 16,000 சொச்சம்தான், போட்ட பணம் திரும்ப ஐந்தரை ஆண்டு ஆகும். நீங்கள் இன்று வீணாக்குவதையும் சேர்த்துத்தான் அந்தப் பம்பின் பெருமையாகக் காட்டுகிறார்கள். பழைய மோட்டார் பழுதாகும் நாளில், கையில் உள்ள பணத்தில் அதை வாங்குங்கள்.

ஹீட் பம்பைச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. இன்றுவரை நீங்கள் தண்ணீரைச் சூடாக்கவே இல்லை. இல்லாத செலவை எப்படிக் குறைக்க முடியும்? 42,000 லிட்டரை ஐந்து டிகிரி ஏற்ற 244 யூனிட் வெப்பம் வேண்டும். நல்ல ஹீட் பம்ப் அதை ஐம்பது, அறுபது யூனிட் மின்சாரத்தில் தரும். மூடாத குளத்தில் அந்தச் சூட்டில் ஒரு பகுதி அன்றிரவே ஆவியாகிப் போகும், மறுநாள் மறுபடி ஏற்ற வேண்டும். மார்கழிக் குளிர்தான் சிக்கல் என்றால் குமிழ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பு வாங்கி மூடுங்கள். தண்ணீர் ஆவியாவதும் குறையும், குப்பை விழுவதும் குறையும்.

மைத்துனரிடம் திட்டம் தவறு என்று வாதாட வேண்டாம். "இரண்டு பில் வரட்டும், அதுவரை எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்" என்று உங்கள் மனைவியே சொல்லட்டும். டைமரையும் விரிப்பையும் அவரிடமே வாங்குங்கள், உறவுக்கும் குறை வராது. கடன் விண்ணப்பத்துக்கென்று ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.

ஒவ்வொரு பில்லிலும் மிஞ்சும் 7,400 ரூபாயை அந்த டாப்-அப் கடனின் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் கேட்க முடியாது. கட்டும்போது தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.