கோடியில் முட்டும் குரவை

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கவுண்டன்ய ஆறு ஆந்திரப் பக்கத்து யானை சரணாலயத்தைக் கடந்துதான் மோர்தானா அணைக்கு வருகிறது. காடு பத்திரமாக இருந்தால் ஆற்று மீனும் பத்திரம்தானே? ஜவ்வாது மலையையும் சரணாலயம் ஆக்கினால் அமிர்தி நாகநதி மீன்கள் பிழைக்குமா? ஏரிகளில் கட்லா, ரோகு குஞ்சு விட்டு நாட்டு மீனைப் பெருக்குகிறார்களே, அது போதாதா? தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதில்லை?

ம.

அன்புள்ள ம.,

தோல் கழிவை விடுங்கள். கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் 1996லேயே சொல்லியாயிற்று. அதற்கு மேல் நான் எழுதி என்ன ஆகப்போகிறது?

கட்லாவும் ரோகுவும் நாட்டு மீன் என்று உங்களுக்கு யார் சொன்னது? கங்கை மீன் தம்பி அது. தெற்கே கொண்டுவந்து விட்டது. விடட்டும், பிடிக்கட்டும், குழம்பு வைக்கட்டும். எனக்கும் ஒரு கிண்ணம் வரட்டும். நாட்டு மீன் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். 1952ல் வந்த ஜிலேபியையே ‘நம்ம ஊர் மீன்’ என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

சரணாலயத்துக்கு வருகிறேன். கவுண்டன்ய சரணாலயம் 1990ல் அறிவிக்கப்பட்டது, யானைக்காக. யானை போகிற வழியைப் பார்த்துப் போட்ட எல்லை மீனுக்கு எப்படிப் பொருந்தும்? காவிரியைப் பாருங்கள். கர்நாடகம் 1987லேயே அங்கே கரையோரக் காட்டைச் சரணாலயம் ஆக்கியது. திமில் மகசீர் என்ற பெரிய மீன் அந்தக் காட்டுக்குள்ளேயே அருகிப்போனது. மகாராஷ்டிரக் குஞ்சுப் பண்ணை வழியாக வந்த நீலத்துடுப்பு மகசீரை நல்ல எண்ணத்தில்தான் ஆற்றில் விட்டார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொண்டது. திமில் மகசீருக்கு அறிவியல் பெயர் என்ன என்பதே 2018ல்தான் முடிவானது. காவலர் துப்பாக்கியோடு கரையில் நின்றார். தண்ணீருக்குள் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆயாவின் மீன்பிடிக் கூடை, அந்தப் பறிதான் ஞாபகம் வந்தது. பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி மழையில் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்போது தண்ணீர் வழிகிற அந்தக் கோடி என்பது சரிவாக அடுக்கிய கருங்கல். கல்லுக்குக் கல் பாசி. புதுத்தண்ணீர் வாசனை பட்டதும் குரவை, கெளுத்தி, பொடிக்கெண்டை எல்லாம் எதிர்நீச்சலில் ஏறிவரும். ஒரு குரவை வாலை அடித்து ஒரு கல் ஏறும், இடுக்கில் மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். ஆயா பறியின் வாயைக் கீழ்ப்பக்கம் பார்த்து வைப்பாள். சினை மீனை விட்டுவிடுவாள் என்று நினைக்காதீர்கள். சினை மீனைத்தான் பொறுக்குவாள். அப்படியும் அடுத்த ஐப்பசியில் மீன் வந்தது. நான் பத்து வயசு வரைக்கும் வந்தது.

அப்புறம் கோடியைப் ‘பலப்படுத்தினார்கள்’. கருங்கல்லை அள்ளிவிட்டு ஆளுயரத்துக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சுவர். ஒரு சொட்டுக் கழிவு கலக்கவில்லை, ஒரு மரம் வெட்டவில்லை. 2021 நவம்பரில் பாலாறே கரை கொள்ளாமல் போனபோது ஊருக்குப் போய் அந்தச் சுவருக்குக் கீழே நின்றேன். குரவைகள் ‘சத், சத்’ என்று சிமெண்டில் முட்டி விழுந்தன. பையன்கள் கொசுவலையில் வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், சுவரைத் திட்டுங்கள் என்றேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்.

சரணாலயம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்த மீன் முட்டையிட மேலே ஏறுகிற வழியில் எத்தனை தடுப்பணை, எத்தனை சுவர் என்று ஒருதரம் நடந்து எண்ணிவிட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் ஏரி இந்த வருஷம் கோடி போனால் சொல்லுங்கள், வருகிறேன். பறி என்னிடம் இருக்கிறது. அடியில் ரெண்டு குச்சி மட்டும் கட்ட வேண்டும்.