தெருத்தெருவாகக் கேட்காமல், எந்தப் பகுதியில் புகைப்பவர்கள் அதிகம் என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாரிடமும் வயது, தொழில் கேட்கும், புகைப்பழக்கம் கேட்காது. 1991 முதல் நடக்கும் சுகாதார ஆய்வு அதைக் கேட்கும், ஆனால் சில ஆயிரம் பேரிடம்தான்.

சரி, இரண்டையும் இணைத்தால்? ஆய்வில் பதில் சொன்ன ஒவ்வொருவருக்கும் பகுதிவாரியாக ஒரு எடை தருகிறார்கள், அதாவது அந்தப் பகுதியில் அவர் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண். முதியவர்கள் நிறைந்த பகுதியில் முதியவர்களின் எடை கூடும். வயது, பாலினம், தொழில் என ஒவ்வொன்றாகச் சரிசெய்து, கணக்கெடுப்போடு பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள். 1940இல் புள்ளியியலாளர்கள் டெமிங்கும் ஸ்டீபனும் முன்வைத்த கணக்குமுறை இதற்கு உதவுகிறது. அப்புறம் கணினிக்குள் ஒரு ஊரே உருவாகிவிடும்; அதில் புகைப்பவர்களை எண்ணினால் அந்தப் பகுதிக்கான கணிப்பு கிடைக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே வயது, ஒரே தொழில் என்றால் எங்கும் ஒரே பழக்கம் என்று இந்தக் கணிப்புமுறை நம்புகிறது. சுரங்கம் மூடிய ஊரின் தனி வேதனை அதில் விழாது. அதனால் நேரில் போய்ச் சரிபார்க்காமல் இதை மட்டும் வைத்து மருத்துவ நிதியைப் பிரிப்பது தவறு என்பேன்.