இடுப்பு மூட்டு: ஸ்டெம் ஒரு கம்பெனி, ஹெட் இன்னொரு கம்பெனி என்று வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த மதிப்பீட்டில் ஸ்டெம், ஹெட், லைனர், கப் என்று நாலு உருப்படிக்கும் தனித்தனி விலை. நாலும் ஒரே கம்பெனி. ஹெட் மட்டும் வேறொரு கம்பெனியில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் '12/14' என்றுதான் போட்டிருக்கிறது. மாற்றி வாங்கினால் என்ன? இன்னொன்று, எந்த உருப்படிக்கும் சைஸே எழுதவில்லை. சைஸ் தெரியாமல் எப்படி விலை போட்டார்கள்?

பதில்: ஹெட்டை மட்டும் மாற்றி வாங்காதீர்கள். மிச்சமாகும் பணம் அந்த ரிஸ்க்குக்குப் போதாது.

தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுதான் ஸ்டெம். அதன் கழுத்து முனை லேசாகக் கூம்பி இருக்கும். ஹெட் என்கிற உருண்டையின் அடியில் அதே சாய்வில் ஒரு குழி. அறுவை அரங்கில் குழியைக் கூம்பின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் இறுகிக்கொள்ளும். திருகு, பசை எதுவும் கிடையாது. அம்மாவின் உடல் எடையை அந்த இறுக்கம்தான் வருடக்கணக்கில் தாங்கப்போகிறது. 12/14 என்பது அந்தக் கூம்பின் ஒரு முனை ஏறக்குறைய 12 மி.மீ., மறுமுனை ஏறக்குறைய 14 மி.மீ. என்று சொல்லும் வழக்குப் பெயர், அவ்வளவுதான். கூம்பின் சாய்வு, நீளம், மேற்பரப்பின் சொரசொரப்பு மூன்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையில் வைத்துப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அடிக்கும் நுண்ணிய அசைவு, அதனால் உரசல், அரிப்பு, உலோகத் துகள். ஹெட் செராமிக் என்றால் அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்து உடையக்கூட வாய்ப்பு உண்டு. ஹெட் எந்த ஸ்டெம்மில் உட்கார்கிறதோ, அந்த ஸ்டெம் கம்பெனி 'பொருந்தும்' என்று எழுத்தில் அனுமதித்ததாக இருக்க வேண்டும்.

இடுப்பு எலும்பின் குழியில் பதிக்கும் கிண்ணம்தான் கப். அதற்குள் உட்காரும் உள்ளுறை லைனர், அதற்குள்தான் ஹெட் சுழலும். கப் வேறு கம்பெனி, ஸ்டெம் வேறு கம்பெனி என்று அனுபவமுள்ள சர்ஜன்கள் சிலர் வைப்பதுண்டு. அப்போதும் ஹெட் ஸ்டெம்மோடு, லைனர் கப்போடு சேர்ந்துதான் வரும். அது சர்ஜன் எடுக்கிற முடிவு, விலைப்பட்டியலைப் பார்த்து நாம் எடுப்பதல்ல.

ஒரே கம்பெனி என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஸ்ட்ரைக்கர் நிறுவனம் 2012 ஜூலையில் ரெஜுவனேட், ஏபிஜி 2 என்ற இரண்டு வகை ஸ்டெம்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் கழுத்தும் தனிப் பாகமாகக் கழன்று மாட்டும்படி இருந்தது. டைட்டானியக் கலவைத் தண்டில் கோபால்ட் குரோம் கழுத்து. அந்த இணைப்பில் உரசலும் அரிப்பும் வந்ததுதான் காரணம். பாகம் கூடக் கூட சர்ஜனுக்கு வசதி கூடும், பழுதாகக்கூடிய இணைப்பும் கூடும். ஆகவே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்டெம்மில் ஹெட் தவிர வேறு இணைப்பு உண்டா? இந்த மாடல் எப்படி உழைக்கிறது என்பதற்கு எத்தனை வருஷப் பதிவு இருக்கிறது?" சுவீடன் 1979-லிருந்தும் ஆஸ்திரேலியா 1999-லிருந்தும் மூட்டு மாற்றுச் சிகிச்சைகளைத் தேசியப் பதிவேட்டில் குறித்துவருகின்றன. நல்ல பதிவு உள்ள மாடல் என்றால் டாக்டருக்கே தெரிந்திருக்கும். 'புதுசு' என்பதை மட்டும் பெருமையாகச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

சைஸ் எழுதாததில் தப்பில்லை. எக்ஸ்ரேயின் மேல் டெம்ப்ளேட் (பாகங்களின் அளவு வரைபடம்) வைத்து ஒரு சைஸைக் கணித்து வைப்பார்கள். ஆனால் எலும்பைக் கடைந்து, சோதனைப் பாகங்களை மாட்டி, காலை மடக்கித் திருப்பிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார்கள். ஒரே விட்டமுள்ள ஹெட்டிலேயே குழியின் ஆழம் மாறி மாறி வரும். அதை வைத்துத்தான் கால் நீளத்தையும் தசையின் இழுப்பையும் சரிக்கட்டுகிறார்கள். ஹெட்டின் விட்டமும் கப்பைப் பொறுத்தது. பெரிய ஹெட் நழுவுவது குறைவு என்பதால் 36 மி.மீ. கேட்பவர்கள் அதிகம். கப் சின்னதாக இருந்தால் அந்த அளவுக்கு இடம் கொடுக்க லைனரை மெலிதாக்க வேண்டிவரும். அப்போது 32 அல்லது 28 போடுவதுதான் சரி. மதிப்பீட்டில் இருக்க வேண்டியவை கம்பெனி, மாடல், ஒவ்வொரு பாகமும் என்ன பொருளால் ஆனது, எலும்போடு பிடிக்க சிமென்ட் வைக்கும் வகையா இல்லையா என்பவை. 'இம்போர்டட் ஹிப் செட்' என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் விவரம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் ஒரு ஆஸ்பத்திரியின் இம்பிளான்ட் (உடலுக்குள் வைக்கும் பாகங்கள்) ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று கம்பெனிகளின் சரக்கு இருக்கிறது. எல்லா ஹெட்டும் ஒரு தட்டில், எல்லா லைனரும் ஒரு தட்டில். தேட வசதிதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டியதுதான். அந்த அடுக்குமுறையை மாற்றுங்கள். ஒரு கம்பெனியின் ஒரு மாடலுக்கு ஒரு அலமாரி, அதற்குள் பாகம், அதற்குள் சைஸ். ஒரு கேஸுக்கு ஒரு டிராலி, அதில் இரண்டு மாடல் கலக்கக் கூடாது. பெட்டியின் நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் நீலம் இன்னொன்றில் வேறு சைஸாக இருக்கும். ஹெட்டின் வெளி விட்டத்தையும் லைனரின் உள் விட்டத்தையும் நீங்களே பெரிய எண்ணில் எழுதி ஒட்டுங்கள். 36 லைனருக்குள் 32 ஹெட் போய்விடுவது உலகம் முழுக்க நடந்திருக்கிற தவறு. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, தவறான இம்பிளான்ட் வைப்பதை நடக்கவே கூடாத சம்பவங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வெளி அட்டையைப் பிரிக்கும் முன் இரண்டு பேர் சத்தமாகப் படிக்க வேண்டும்: மாடல், விட்டம், எந்தப் பக்கம், எக்ஸ்பைரி. சில ஸ்டெம்கள் வலது, இடது தனித்தனி.

எக்ஸ்பைரி நெருங்கியது முன்வரிசையில் இருக்கட்டும். மிகச் சிறிய, மிகப் பெரிய சைஸ்கள் அபூர்வமாகத்தான் போகும் என்று ஒரு பெட்டிகூட வைக்காமல் இருப்பது தப்பான சிக்கனம். அந்த சைஸ் தேவைப்படும்போது நோயாளி மேசை மேல் இருப்பார்.

கேள்வி: அப்பாவுக்கு சர்ஜரி முடிந்தது. பில்லில் இரண்டு ஹெட் போட்டிருக்கிறார்கள். மாற்றியது ஒரு இடுப்புதான்.

பதில்: ஸ்டிக்கர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் லாட் நம்பரோடு (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பிய்த்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும், கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். சிமென்ட் இல்லாத வகையில் பொதுவாக கப், லைனர், ஹெட், ஸ்டெம் என நாலு, ஸ்க்ரூ போட்டிருந்தால் அதற்கும். ஹெட் ஸ்டிக்கர் ஒன்றுதான் என்றால், தவறுதலாகப் பிரித்த பெட்டியை உங்கள் கணக்கில் ஏற்றியிருக்கலாம். எழுத்தில் விளக்கம் கேளுங்கள். உள்ளே வைக்காத பாகத்துக்கு நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

அந்த ஸ்டிக்கர்களின் நகல் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லைனர் தேய்ந்தால், கப் எலும்போடு நன்றாகப் பிடித்திருக்கும் பட்சத்தில் லைனரையும் ஹெட்டையும் மட்டும் மாற்ற முடியலாம். அதற்கு உள்ளே இருப்பது எந்த மாடல், எந்த சைஸ் என்று தெரிய வேண்டும். எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிப்பதைவிட அந்தத் துண்டுச் சீட்டைப் பார்ப்பது சர்ஜனுக்குச் சுலபம். கம்பெனி எதையாவது திரும்பப் பெற்றாலும், அப்பாவுடையது அதில் சேருமா என்று லாட் நம்பரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.