வாசகர் கேள்வி பதில்: கவசம் அணிந்த செபஸ்தியான்

கேள்வி (கொக்குவில் வாசகர் ஒருவர்): போர்த்துக்கல் மன்னர் செபஸ்தியான் கவசம் தரித்து நிற்கும் ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றைப் பார்த்தேன். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது ஆட்சியில் இருந்தவர் இவர்தானே? அந்தப் போரில் அணிந்த கவசமா இது?

பதில்: ஆட்சியில் இருந்தவர் அவரே; ஆனால் அப்போது அவருக்கு வயது ஆறு. 1554 சனவரியில், தந்தை இறந்து சில நாள்களில் பிறந்த அவர் மூன்று வயதிலேயே அரசராக்கப்பட்டமையால், ஆட்சிப் பொறுப்பைப் பாட்டியார் கத்தரீனா ஏற்றிருந்தார். நல்லூர்மீது படை நடத்தி வந்தவர் கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா. யாழ்ப்பாண மன்னர் முதலாம் சங்கிலி தலைநகரான நல்லூரை விட்டு விலகினாலும், மக்கள் கிளர்ந்தெழுந்ததனால் போர்த்துக்கேயர் இங்கு நிலைக்க இயலாமல் மன்னாரில் கோட்டை கட்டி அமர்ந்தனர்.

நீங்கள் பார்த்த ஓவியம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பிந்தியது. அரசவை ஓவியர் கிறிஸ்தோவாவ் த மொறாயிஸ் 1571க்கும் 1574க்கும் இடையில் தீட்டிய அது இன்று லிஸ்பனிலுள்ள தேசிய தொல்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நிற்பவர் பெரும்போர் எதையும் அதுவரை கண்டிராத இளைஞர். ஆயினும் போர்வீரராகவே அவரைக் காட்டவேண்டிய தேவை அரசவைக்கு இருந்தது. ஏனெனில் அவருடைய தாய்வழிப் பாட்டனார் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ். 1547இல் ஜெர்மனியின் மியூல்பேர்க்கில் சார்ல்ஸ் பெற்ற வெற்றியை மறு ஆண்டே வெனிஸ் ஓவியர் டிஷியன் பெரிய ஓவியமாக்கியபோது, கீல்வாதத்தால் வருந்திய அந்த மனிதரைக் கவசத்துடன் குதிரைமீது நிமிர்ந்து அமரச் செய்திருந்தார். அக்குடும்பத்தில் கவச உருவப்படம் ஏறத்தாழ ஒரு முடிசூட்டுச் சடங்கைப் போன்றது. நீங்கள் பார்த்த ஓவியத்தில் அருகில் நிற்கும் நாயோ செபஸ்தியானின் வேட்டை விருப்பத்தை நினைவூட்டுகிறது. அவர் உண்மையில் களம் புகுந்த பெரும்போர் 1578 ஓகஸ்ட் 4ஆம் திகதி மொரோக்கோவில் நடந்தது. வாரிசு இல்லாமல் 24 வயதில் அங்கேயே மாண்டார். இரண்டு ஆண்டுகளில் போர்த்துக்கல் ஸ்பானிய மன்னரின் கைக்கு மாறியது. இதனால்தான் 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபோது லிஸ்பனுக்கும் மட்ரிட்டுக்கும் ஒரே அரசர் இருந்தார்.

கேள்வி (சுன்னாகம் வாசகி ஒருவர்): அப்படியானால் இத்தகைய ஓவியங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: தாராளமாகக் கொள்ளலாம், எதற்குச் சான்று என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால். டிஷியன் தீட்டிய சார்ல்ஸின் கவசம், ஒக்ஸ்பேர்க் நகரக் கவசக் கலைஞர் டெசிடேரியஸ் ஹெல்ம்ஷ்மிட் செய்தது, மட்ரிட் அரச படைக்கலச் சாலையில் இன்றும் இருப்பதால் ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. பொன்பூச்சுப் பட்டைகளை ஓவியர் கவனமாகவே பின்பற்றியிருக்கிறார். எஃகைத் தீட்டும் முறையையும் சொல்ல வேண்டும்: கரும்சாம்பல் நிறத்தின்மீது, ஒளி விழும் விளிம்புகளில் மட்டும் வெண்மையைக் கூர்மையாக இடுவார்கள், கிட்டே நின்றால் வெறும் தூரிகைக் கோடுகள்தாம், சில அடி விலகினால் உலோகம். இந்தத் திறமையை நான் முழுமனத்துடன் வியக்கிறேன். ஆனால் மன்னரின் உடல்நிலையையோ போர் நிகழ்ந்த விதத்தையோ அறிய, அக்காலத்துக் கடிதங்களையும் தூதர்களின் அறிக்கைகளையும் நாடுவதே முறை.